1911இல் செத்த காசிமிர்

1.

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. அமெரிக்காவின் பஃபலோ நகர நூலகத்தில் என் பக்கத்து மேஜையில் இருந்த வாண்டா, தன் அக்காவுடன் போனில் போட்ட சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது. (சரி, மூன்று மேஜைக்கு.) நான் ஓய்வுபெற்ற தபால்காரன், அடுத்தவர் விலாசம் என்றால் காது தானாக நீளும்.

2.

பனி கொட்டிய ஒரு காலையில் வாண்டா—

வேண்டாம். இந்த ஊர்க் கதை எல்லாமே பனியில்தான் தொடங்குகிறது.

வாண்டாவின் கொள்ளுப்பாட்டி அப்பலோனியாவின் கல்லறைக்கல் உடைந்துவிட்டது. புதுக் கல்லுக்கு அக்கா டோலரெஸ் வாசகம் தயார் செய்துவிட்டாள்: 'காசிமிரின் அன்பு மனைவி.' வெள்ளிக்கிழமை உளி விழும். அதற்குள் காசிமிர் செத்த ஆண்டு வேண்டும்.

வாண்டா கணினியில் பழைய நகர விலாசப் புத்தகங்களைத் திறந்தாள். ஆண்டுதோறும் வீடு வீடாக ஆள் அனுப்பி, யார், என்ன தொழில் என்று கேட்டு அச்சடித்தவை. பத்தாயிரம் பக்கம் புரட்டினாள். (நாற்பது.) 1910: காசிமிர் ப்ஷெபியூர்கா, முடிதிருத்துபவர். 1911: அப்பலோனியா, காசிமிரின் விதவை.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மற்ற ஊர்ப் புத்தகங்களிலும் தேடினாள். 1912, டொலீடோ: காசிமிர் ப்ஷெபியூர்கா, முடிதிருத்துபவர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மனைவி பெயர்: ஸ்டெல்லா.

(அடைப்புக்குறிக்குள்தான் உண்மை ஒளிந்திருக்கும் என்று இப்போதாவது நம்புங்கள்.)

3.

"செத்தவன் டொலீடோவுல சவரம் பண்ணிக்கிட்டிருக்கான், டோலி," என்று அக்காவுக்குப் போன் போட்டாள் வாண்டா.

"அப்ப அவ பொய் சொன்னாங்கறியா?"

"வாசல்ல நின்னு, பென்சிலோட வந்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கா. என்ன நெஞ்சழுத்தம் பாரு!"

"பெருமையாடீ இது? புருஷன் பேரு கல்லுல இருந்தே ஆகணும்."

"யாரு, ஸ்டெல்லா புருஷன் பேரா?"



இந்த இடத்தில் அப்பலோனியாவை அழவைக்கப் பார்த்தேன். 'கண்ணீர் மல்க அவள் கதவை'— அடித்துவிட்டேன். புருஷன் ஓடிப்போனவளுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள், விதவைக்குத் தருவார்கள். நான்கு பிள்ளைகளோடு நின்றவள், சவப்பெட்டி இல்லாமல், பாதிரியார் இல்லாமல், ஒரே சொல்லில் ஆளை அடக்கம் செய்துவிட்டாள். ஏழு தளபதிகள் கூடினாலும் இந்த யோசனை வராது. 1915 புத்தகத்தில் அந்த விதவையும் இல்லை. கொட்டை எழுத்தில்: அப்பலோனியா ப்ஷெபியூர்கா, தையல் கடை.

4.

முடிவு ஒன்று: டோலரெஸ் ஜெயிக்கிறாள். (கல் கொட்டாவி விடும்.)

முடிவு இரண்டு: டோலரெஸ் கேட்கிறாள், "சரி, அவன் செத்த வருஷம் என்ன போடறது?" "1911. அவ சொன்னதுதான்."

இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. பென்சிலை வாங்கிக்கொள்ளுங்கள். அதோ, அப்பலோனியா கதவைத் திறக்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். சரிபார்க்க டொலீடோவுக்குப் போகாதீர்கள்.