பதினொரு சிவப்புப் புள்ளிகள்

கூட்டத்துக்கு முன்னால் நின்று கதைப்பதில் கல்முனைப் பக்கத்தில் என்னை வெல்ல ஆளில்லை என்று நான் நினைத்திருந்தேன். தற்பெருமைதான். ஆனால் பதினெட்டு வருடம் சுகாதாரக் கல்வி உத்தியோகத்தராக ஊர் ஊராய்த் தொண்டை கிழியப் பேசியவளுக்கு அந்தளவு கூட இருக்கக் கூடாதா? டெங்கு, விசர்நாய்க்கடி, தாய்ப்பால், எதைத் தந்தாலும் கூட்டத்தை அசைய விடமாட்டேன். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுப்பதும் நான்தான். ஸ்லைடில் எழுத்தைக் கொட்டாதே, உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்கு, கேட்கிறவன் தன் வீட்டு வாசலில் நடக்கிறது என்று நினைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன்.

இந்த முறை விஷயம் காசநோய். டெங்கு என்றால் சனம் வந்து கேட்கும், கொசுவைத் திட்டிவிட்டுப் போகும். காசநோய் என்றால் வாயே திறக்காது. போன வருடம் ஒரு மனிதர் பாதியில் மருந்தை நிறுத்திவிட்டார். கிளினிக் வாசலில் யாரோ தெரிந்தவர் கண்டுவிட்டாராம். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆறு மாதம் மருந்து குடித்தால் முழுதாய்ச் சுகமாகிற நோய்க்கு அந்த மனிதர் செத்துப்போனார். அந்தச் சாவு என்னை உலுக்கியது. எங்களிடம் வந்து சொன்னால் அந்த ரகசியம் எங்களோடேயே இருக்கும் என்று இந்தச் சனம் நம்ப வேண்டும். நம்பினால் வரும், வந்தால் பிழைக்கும். மருதமுனைக் கூட்டத்தில் நான் வாங்க வேண்டியிருந்தது அந்த ஒரு நம்பிக்கையைத்தான்.

மண்டபத்துக்கு ஒழுங்கு செய்தவர் அப்துல் ஸமட் ஹாஜியார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், அவர் சொன்னால் ஊர் கேட்கும். மண்டபம் பற்றிப் பேசப் போனபோது இஞ்சித் தேநீர் தந்து, தன் மகனின் நிக்காஹ் நெருங்குவதைச் சொன்னார். பெண், மீன்வலை வியாபாரம் செய்யும் சீனிமுகம்மதுவின் மகள். பெண்ணுக்கான வீட்டு வேலை இழுபடுகிறது என்று சிரித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார். இந்தக் கரையில் மகளுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. காணி இல்லாத தகப்பன்மார் இருக்கிற வீட்டுக்கு மேலேயே ஒரு தட்டு எழுப்புவார்கள். ஆகவே எங்கேயாவது அரைவாசியில் நிற்கும் மேல்தட்டைக் கண்டால் உள்ளே ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

கூட்டத்தில் காட்டுகிற படத்தைத் தயாரித்துத் தந்தவன் கோகுலன். திருக்கோவிலில் இருந்து புதிதாக வந்திருக்கும் பொடியன். கம்ப்யூட்டர் வேலையில் கெட்டிக்காரன். பதிவு இலக்கமும் விலாசமும் மட்டும் உள்ள ஒரு பட்டியலை வைத்து, இந்த வருடம் எங்கள் பகுதி முழுக்க நோய் கண்ட வீடுகளுக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தான். முதலில் கொண்டு வந்தது வெறும் கோட்டுப் படம். எனக்குப் பிடிக்கவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் புள்ளியை வை, சனம் தன் ஊரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். மறுநாள் கொண்டு வந்தான். மருதமுனையில் பதினொரு புள்ளி. புள்ளி சின்னது, இன்னும் பெரிதாக்கு என்றேன்.

"பேரும் போடல்ல, வீட்டு நம்பரும் போடல்ல மிஸ். பிரச்சினை வராதுதானே?" என்று கேட்டான்.

பேர் இல்லாவிட்டால் என்ன பிரச்சினை என்று அவனை அதட்டினேன்.

வீட்டில் ஒரு கிழமை ஒத்திகை பார்த்தேன். எனக்கு எப்போதும் முதல் கூட்டம் என் கணவர் ஜெப்றிதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் முன்விறாந்தையில் கணிதம் டியூஷன் நடத்தி வந்தவர். மூன்று மாதமாகத் தொண்டை சரியில்லை என்று வகுப்பை நிறுத்திவிட்டு, படுக்கையையும் மற்ற அறைக்கு மாற்றிக்கொண்டு சும்மா இருந்தார். சும்மா இருக்கிற மனிதருக்கு விடிய எழும்பிப் பெரியநீலாவணைக்கு மோட்டார் சைக்கிளில் போய் மீன் வாங்குவது ஒரு புதுப் பைத்தியம். நாளும் மீன். பக்கத்துக் கடையில் இல்லாத மீனா அங்கே இருக்கிறது என்று கத்தியும் பார்த்தேன், கேட்கவில்லை. ஒத்திகையில் அவர் வாசற்படியோரம் தள்ளி உட்கார்ந்து கேட்பார். கிளினிக்குக்கு வந்த ஒரு தையல்காரர் தன் இருமலை எப்படி மறைத்தார் என்று நான் நடித்துக் காட்டியபோது சிரிக்கவில்லை. அந்த மனிதரிடம் கேட்டுவிட்டா இதைச் சொல்கிறாய் என்று கேட்டார். பேர் சொல்லவில்லைதானே என்றேன்.

சனிக்கிழமை பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் மண்டபம் நிறைந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள், இருநூறு பேர் இருக்கும். முன்வரிசையில் ஸமட் ஹாஜியார், மூன்றாவது வரிசையில் சீனிமுகம்மது. செத்துப்போனவரின் கதையோடு தொடங்கினேன். ஊரையும் பேரையும் சொல்லவில்லை. ஐந்தாவது நிமிடம் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இனி விடக் கூடாது என்று கோகுலனுக்குக் கண் காட்டினேன். திரையில் படம் விழுந்தது.

ஊரே ஆவென்று பார்த்தது. கடற்கரையின் வெள்ளைக் கோடு, பள்ளிவாசல், பாடசாலை மைதானம், ஒழுங்கைகள், ஓட்டுக் கூரைகள். தன் ஊரை மேலிருந்து பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆளுக்காள் கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்தப் பதினொரு வீட்டிலும் இருப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான், மருந்து குடிக்கிறார்கள், சுகமாகிறார்கள் என்று தொடர்ந்தேன். நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் படத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. இந்த ஊரில் யார் யாரிடம் வீட்டு இலக்கம் கேட்டிருக்கிறார்கள்? பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கை, தென்னை சாய்ந்து நிற்கிற வளவு, நீலத் தண்ணீர்த் தாங்கி, இதுதானே எங்கள் விலாசம்? பேரை எடுத்துவிட்டு விலாசத்தை இருநூறு பேருக்கு முன்னால் விரித்து வைத்திருந்தேன், அதுவும் புள்ளியைப் பெரிதாக்கி.

பெண்கள் பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. வேண்டுமென்று சொன்னதல்ல, வாய் தவறி வந்தது.

"மேல்தட்டு அரைவாசியில நிக்கிற வீடு... அது சீனிமுகம்மது காக்காட வீடெல்லுவா?"

எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. சீனிமுகம்மது தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார். ஸமட் ஹாஜியார் திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து மட்டும் விறைத்து நின்றது. படத்தை நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. நம்பிக்கை வாங்க வந்தவள் இரண்டு நிமிடத்தில் ஒரு கல்யாணத்தின் கழுத்தில் கத்தி வைத்துவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு வாலிபன் எழும்பினான். முகம் சிவந்திருந்தது.

"எங்கட ஊர மட்டும் காட்டுறீங்க மிஸ். உங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்லையா? தமிழாக்களுக்கு இந்த நோய் வாறல்லையா?"

மருதமுனை முஸ்லிம் ஊர், நான் தமிழ்க் கிறிஸ்தவப் பெண், அவன் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கோபம் வந்தது ஆறுதலாகவும் இருந்தது. செய்த பிழையிலிருந்து தலையைத் திருப்ப ஒரு வழி கிடைத்ததே. கோகுலனைத் தள்ளிவிட்டு நானே கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்துப் படத்தைத் தெற்கே இழுத்தேன். நன்றாகப் பாருங்கள், பாண்டிருப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது, நாங்கள் யாரையும் ஒளிக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தை அதற்கு முன் நான் ஒரு தரம் கூடப் பார்த்ததில்லை. மருதமுனைக் கூட்டத்துக்கு அது எதற்கு என்று விட்டிருந்தேன்.

சேர்ச் தெரிந்தது. சேர்ச்சுக்குப் பின்னால் ஒழுங்கை. ஒழுங்கையின் கடைசியில் பாதி ஓடும் பாதி தகரமுமாக ஒரு கூரை. ஓடு வாங்கக் காசில்லாமல் ஜெப்றி தன் கையால் தகரம் போட்ட கூரை அது. அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

முதலில் கோகுலன் பிழையாக வைத்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. எனக்கு ஜனவரியில் அலுவலகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை. வீட்டில் மற்ற ஆள் ஒருவர்தான். டியூஷனை நிறுத்தியது, வாசற்படியில் தள்ளி உட்கார்ந்தது, வேறு அறையில் படுத்தது, மீன் வாங்கப் போகிற சாட்டில் நாளும் விடியப் போய், இந்த நோய்க்கு விதித்தபடி, யாரோ ஒரு தாதியின் முன்னால் மாத்திரை விழுங்கியது. ஊருக்கெல்லாம் காசநோயின் அறிகுறி சொல்லிக் கொடுக்கிறவள் ஒரே கூரைக்குள் அதைக் காணாமல் மூன்று மாதம் மீன் குழம்பு வைத்திருக்கிறேன்.

மிஸ், மிஸ் என்று கோகுலன் கூப்பிட்டான். ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது.

"இது என்ட வீடு," என்றேன். "இதுக்குள்ள நானும் என்ட மனிசனும் மட்டும்தான் இருக்கிறம். அவருக்கு இந்த வருத்தம் இருக்கு எண்டு எனக்கு இப்பதான் தெரியும். இஞ்ச, உங்களுக்கு முன்னால நிண்டுதான் தெரிஞ்சுகொண்டன்."

வாலிபன் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது வரிசையில் நாற்காலி உரசுகிற சத்தம் கேட்டது. சீனிமுகம்மது எழும்பி நின்றார்.

"எனக்குத்தான் இரிக்கி," என்றார். "மகளுக்கு இல்ல. பிள்ளைய டெஸ்ட் எடுத்தாச்சு, அல்லாஹ்ட காவல், ஒண்டுமில்ல."

ஸமட் ஹாஜியார் அப்போதுதான் திரும்பினார். மருந்து முடிய இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். இரண்டு என்றார் சீனிமுகம்மது. அப்படியென்றால் நிக்காஹை அதற்குப் பிறகு வைப்போம், மேல்தட்டும் அதற்குள் முடியட்டும் என்று ஹாஜியார் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். யாரோ கை தட்டினார்கள். அந்த மண்டபத்தில் யாரும் கை தட்டுவதில்லை, ஆனால் அன்று எல்லாரும் தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். கூட்டம் முடிந்து சளிப் பரிசோதனைக்கு இருபத்திமூன்று பேர் பதிந்தார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு பேச்சுக்கு அப்படி நடந்ததில்லை. இப்படி ஒரு பேச்சை இந்த ஊர் கேட்டதில்லை என்று ஹாஜியார் வாசல் வரை வந்து சொன்னார்.

நான் வீட்டுக்குப் போனபோது பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. ஜெப்றி குசினியில் இருந்தார். பையைக் கூட வைக்காமல், எவ்வளவு காலம் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மூன்று மாதம் முடிந்தது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இப்போது தொற்றாது, பயப்படாதே என்றார். எனக்கே அவர் சுகாதாரக் கல்வி நடத்தினார்.

"வீட்டில வேற ஆர் இருக்கிறாங்க எண்டு கிளினிக்கில கேட்டவங்க," என்றார். "ஒருத்தரும் இல்ல, நான் தனி ஆள் எண்டு சொன்னன்."

கல்யாணம் முடித்து இருபத்திரண்டு வருடமான மனிதர்.

"ஏனப்பா?" என்றேன்.

"சொன்னா உன்னையும் டெஸ்டுக்குக் கூப்பிடுவாங்க. உனக்குத் தெரிஞ்சா நானும் உனக்கு ஒரு கதையாப் போயிருவன், மேர்சி. பேர் சொல்லாமச் சொல்லுவாய். கேக்கிறவங்களுக்கு ஆரெண்டு தெரியும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன், அது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கூட்டத்தில் நடந்ததை அவரிடம் மறைக்க நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விடிந்தால் யாராவது கடைத்தெருவில் அவரிடம் சுகம் விசாரிப்பார்கள்.

"இண்டைக்குச் சொல்லிட்டன்," என்றேன். "மருதமுனைக் கூட்டத்தில. படத்தில எங்கட வீட்டையும் காட்டினன்."

அவர் கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"எத்தின பேர் இருந்தவங்க?"

"இருநூறு பேர் இருக்கும்."

"கை தட்டினவங்களா?"

ஓம் என்றேன். என் உயிருள்ள வரைக்கும் அவ்வளவு வெட்கப்பட்டு ஒரு ஓம் சொல்கிற நிலை இனி எனக்கு வரக் கூடாது.