ஆடிப்போன படம்

அண்ணன் சொன்னான் என்பதற்காகத் தம்பி ஒன்பது வருடம் அசையாமல் நின்றான். அண்ணன் நாடகங்களைப் படமெடுப்பவன். அரங்கில் ஃபிளாஷ் போடக் கூடாது. மேடை விளக்குகளோ அழுது வடியும். ஷட்டரை மெதுவாக விட்டால்தான் வெளிச்சம் பிடிபடும், அதற்குள் நடிகர்கள் கையைக் காலை ஆட்டிவிடுவார்கள். அவன் படங்களைப் பார்த்த பத்திரிகைக்காரர், இதில் ராஜா யார், நாற்காலி எது என்று கேட்டார். அந்த ரோஷத்தில்தான், அடுத்த நாடகத்தில் ராஜாவாக நடித்த தம்பி வாளை ஓங்கிய நேரத்தில், முன்வரிசையிலிருந்து, "டேய், அசையாதே" என்று கிசுகிசுத்தான். சின்ன வயதிலிருந்தே அண்ணன் பேச்சைத் தட்டாதவன் அப்படியே நின்றுவிட்டான்.

படம் பளிச்சென்று வந்தது. இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. திரை விழுந்த பிறகு நான்கு பேர் தம்பியைத் தூக்கிவந்து வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார்கள். மூச்சு இருந்தது, உடம்பில் சூடு இருந்தது; பசி எடுக்கவில்லை, தாடி வளரவில்லை. டாக்டர்கள் நரம்புக் கோளாறு என்றார்கள். அண்ணன் அதற்கே தலையாட்டினான். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள், போய் வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பின்வாசல் வழியாக நுழைந்தான். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தம்பி மனைவி கணவனுக்குத் தலைவாரிவிட்டாள், வாளைத் துடைத்தாள், தூக்கிய கையில் துணி காயப்போட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அவள் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்து அண்ணனிடம் நீட்டினாள்.

"அவரோட அசைவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு மாமா. எடுத்தவர் நீங்க, நீங்களே திருப்பிக் குடுங்க."

குற்றவுணர்ச்சியில் அவன் கை நடுங்கியது. படம் கலங்கி வந்தது. தம்பியின் சுண்டுவிரல் மடங்கியது. அதிலிருந்து மாலைதோறும் கூடத்து விளக்கைக் குறைத்துவைத்து, ஷட்டரை மெதுவாக விட்டு, வேண்டுமென்றே கேமராவை ஆட்டி ஆட்டி எடுத்தான். கெட்டுப்போன ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மூட்டு இளகியது. அரங்கில் எடுக்கும்போதும் கை அப்படியே ஆடிப் பழகிவிட, பத்திரிகைகள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தின. கடைசியில் ஆள் எது, சுவர் எது என்றே தெரியாத படம் ஒன்று விழுந்தது. வாள் தரையில் விழுந்தது.

"படம் நல்லா வந்துச்சாண்ணே?"

அண்ணன் குனிந்து வாளை எடுத்தான். "இல்லடா. ஆடிப்போச்சு."

"அச்சச்சோ, நான்தான் ஆடிட்டேன் போல. மன்னிச்சுக்கண்ணே" என்று தம்பி தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

அண்ணன் இப்போதும் நாடகங்களைப் படமெடுக்கிறான். ஒரு முகமும் தெளிவாக விழுவதில்லை. நடிகர்கள் அந்தக் கலங்கிய படங்களைத்தான் கேட்டு வாங்கிப்போய் வீட்டில் மாட்டுகிறார்கள்.