ஐந்தாவது ஜோடி பெடல்

நான்காவது ஜோடி பெடலையும் என் தங்கை வேண்டாம் என்று சொன்ன அன்று, அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. அடிக்கவில்லை. அடித்திருந்தால் சைக்கிள் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

எனக்குத் தொழில் குழாய் மாட்டுவது. வீடு வீடாகப் போய், கை கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து வேலை செய்கிறவள். பதினேழு வருடமாகிறது. எங்காவது ஒரு சொட்டு ஒழுகினாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு அளவில் அச்சடித்திருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற பிறவி. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு ஜோடி பெடல் வாங்கிக் கொடுப்பதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது.

முதலில் வாங்கியது அலுமினியம். பார்க்கவே கம்பீரமாக இருந்தது. ஷூ நழுவாமல் கவ்விப் பிடிக்க இரண்டு பக்கமும் குட்டி குட்டி இரும்பு முள்கள். அவள் ஒரு முள்ளின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது தப்பித் தவறி முன்னங்கால்ல பட்டா எத்தனை தையல் போடணும்?" என்றாள். தையல் கணக்குப் பார்த்து யாராவது பெடல் வாங்குவார்களா? திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது முள்ளே இல்லாத பிளாஸ்டிக். "ஈரம் பட்டா சோப்பு மாதிரி வழுக்கும்" என்றாள். அது உண்மைதான், போகட்டும். மூன்றாவது நல்ல பெடல். சத்தியமாக நல்ல பெடல். ஷூவை மாட்டிக்கொண்டு வந்து, பெடலைத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, என்னை மண்டியிட்டு ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னாள். சுண்டுவிரல் பக்கம் ஒரு சென்டிமீட்டர் வெளியே நின்றது. அவ்வளவுதான், வேண்டாம்!

நான்காவது அகலமாகவும் இருந்தது, விலையும் கைக்கு அடக்கம். அதைப் பற்றி இணையத்தில் இருநூறு பேர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவன் மட்டும், மூன்று மழைக்குப் பிறகு 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தான். இவளுக்கு அது போதாதா?

"அவன் பெடலை ஆத்துல ஊறப் போட்டிருப்பான்டி!"

"இருக்கலாம். ஆனா எழுதியிருக்கான்ல?"

இதெல்லாம் பத்தாதென்று, ஒவ்வொரு ஜோடியையும் கையில் வாங்கும்போது ஒரு கேள்வி வேறு.

"அக்கா, நீ இதுல எதையாவது இறுக்கினியா?"

"இதுல இறுக்கறதுக்கு என்னடி இருக்கு? இது வெறும் பலகை. காலை வைக்கணும், மிதிக்கணும், வேணாம்னா எடுக்கணும். அவ்வளவுதான்."

"சும்மா கேட்டேன்" என்பாள். சும்மா கேட்கிற முகமாக அது இருக்காது.

போடி, ஆளை விடு என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. அவள் சைக்கிளில் ஏறி எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வருடம், ஒரு ஞாயிறு விடாமல் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வெளியே உள்ள குன்றில் தடித்த டயர் சைக்கிளை மூச்சிரைக்க மிதித்து ஏற்றுவோம். அவள் முன்னால், நான் பின்னால். உச்சியில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்போம். அவள் இல்லாமல் மூன்று ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்தேன். பழத்தைப் பிட்டு யாரிடம் நீட்டுவது? அதற்குப் பிறகு நானும் போகவில்லை. அவள் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவள் ஏன் நிறுத்தினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பூட்டுப் பெடல் என்று ஒன்று உண்டு. ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அது பெடலில் 'க்ளிக்' என்று போய்ப் பூட்டிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஏற்றத்தில் கால் நழுவவே நழுவாது. அவள் அதைக் கேட்கவில்லை. நான்தான் அவளை நச்சரித்து, நானே வாங்கி, நானே மாட்டிவிட்டேன். பூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று வைப்பதற்கு, ஒரு பெடலுக்கு இரண்டு வீதம், மொத்தம் நான்கு குட்டித் திருகாணிகள் இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதை நன்றாகத் தளர்த்தி வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த காகிதத்திலேயே அப்படிப் போட்டிருந்தது. நான் எந்தக் காகிதத்தைப் படித்தேன்? என் கையில் ஒரு திருகாணி கிடைத்தால் கைக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். நான்கையும் முட்டுகிற வரை இறுக்கிவிட்டேன். எதையாவது தளர்வாக விட்டால் ஒழுகும் என்பது என் கையில் ஊறிப்போன புத்தி.

முதல் ஞாயிறே, பாறை வளைவில் ஏறும்போது அவளுக்கு வேகம் குறைந்து சைக்கிள் நின்றேவிட்டது. "அக்கா, கால் வரல! கால் வரல!" என்று கத்தினாள். நின்ற நிலையிலேயே இடது பக்கம் சாய்ந்தாள். நான் நாலு அடி பின்னால் இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. இன்றைக்கும் அவள் கைக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன.

அது விபத்து என்றே வைத்துக்கொள்வோம். நான் செய்த அநியாயம் அதற்குப் பிறகு நடந்தது. ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்த அம்மா, "எப்படிடி விழுந்தா?" என்று கேட்டாள். "காலைத் திருப்பத் தெரியல இவளுக்கு. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்!" என்று என் வாய் சொல்லிவிட்டது. தங்கை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

அம்மா அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தங்கை கையிலிருந்து டம்ளர் நழுவினால், "காலைத் திருப்பத் தெரியாது, இப்ப கையும் போச்சு." சைக்கிள் பேச்சை எடுத்தால், "காலைத் திருப்பத் தெரியாதவளுக்கு மலை ஒரு கேடா?" எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. எட்டு மாதமாக அதைக் காதில் வாங்கிக்கொண்டே நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருகாணி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அவளே வாயைத் திறந்து, "சாதா பெடல் மாட்டினா வரேன்" என்றதும் துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் இந்தத் திருவிழா தொடங்கியது.

நான்காவது பெட்டியோடு என்னைப் பார்த்ததும் சைக்கிள் கடைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"என்னம்மா, இதுவும் வேணாமாமா? நீங்க நடக்கற நடைக்கு எனக்குக் கால் வலிக்குது."

"அவ என் உயிரை வாங்குறாங்க. உங்க கடையில மனுஷங்க மாட்டற பெடல் ஏதாவது இருந்தா குடுங்க."

அவர் உள்ளே போய் ஒரு கறுப்பு ஜோடியை எடுத்து வந்தார். நைலான். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. விலை அந்த அலுமினியத்தில் பாதிகூட இல்லை.

"பிளாஸ்டிக்கானு முகத்தைச் சுளிக்காதீங்க. பாறையில இடிச்சா அலுமினியம் மாட்டி இழுக்கும், இது வழுக்கிட்டுப் போயிரும். முள்ளு இரும்புதான், ஆனா ஒவ்வொண்ணும் அடிப்பக்கமிருந்து கழட்டலாம். பயமா இருந்தா நடுவுல நாலைக் கழட்டிட்டு ஓட்டட்டும். தைரியம் வந்ததும் மாட்டிக்கலாம். அகலம் போதும். சத்தம் வந்தா பிரிச்சு கிரீஸ் வைக்கலாம்." பெட்டியை என்னிடம் நீட்டியவர், விடாமல் பிடித்துக்கொண்டார். "நான் மாட்டித் தரட்டுமா?"

"ஏன், எனக்கு மாட்டத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும். அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையை விட்டார். அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீடு வரைக்கும் அது முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டில், தங்கை கூடத்துச் சுவரோரம் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் தன் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தாள். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை பெட்டியைப் பிரித்தாள். எடை போட்டாள். முள்ளை எண்ணினாள். காகிதத்தைப் படித்தாள், திருப்பிப் போட்டும் படித்தாள். ஏறி நின்றாள். ஷூ முழுசாக உள்ளே இருந்தது. அச்சைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள். எந்தக் குறையும் அகப்படவில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பெடலை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். "ஆனா கறுப்பா இருக்கே."

"என்னது?"

"நிறம் பிடிக்கல."

"உன் சைக்கிளே கறுப்புடி! உன் ஷூ கறுப்பு! உன் ஹெல்மெட் கறுப்பு! என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது? அஞ்சு தடவை, அஞ்சு தடவை அந்த மனுஷன் கடை வாசல்ல அசடு வழிஞ்சுட்டு நின்னிருக்கேன்!"

அவள் அசையவில்லை. பெடலை மடியில் வைத்துக்கொண்டு, அதே குரலில் கேட்டாள்:

"அக்கா, நீ இதுல எதையாவது இறுக்கினியா?"

"இல்லடி! இறுக்கல! தொடக்கூட இல்ல! அன்னிக்கு அந்த நாலு திருகாணியையும் இறுக்கித் தொலைச்சதே எனக்கு ஜென்மத்துக்கும் போதும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. சமையலறையில் கத்திச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இறுக்கின?" என்று கேட்டாள் தங்கை.

"முட்டற வரைக்கும்."

"நாலையுமா?"

"நாலையும்."

"ம்" என்றாள். "தெரியும்."

நான் அப்படியே செய்தித்தாள் மேல் உட்கார்ந்துவிட்டேன். கையில் மாவுக்கட்டு இருக்கும்போதே அவள் அந்தப் பழைய பெடலை விற்கக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கடைக்காரர் திருகாணிச் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு, எந்தப் புண்ணியவான் இதை இப்படி இறுக்கினான், எந்தக் காலும் இதிலிருந்து வராதே என்றாராம்.

"அப்புறம் ஏன்டி எட்டு மாசம் வாயைத் திறக்கல?"

"நீ திறப்பேன்னு பார்த்தேன். இந்தப் பெடலுக்குச் சொல்லுவா, அடுத்த பெடலுக்குச் சொல்லுவான்னு பார்த்துட்டே இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "மூணாவது ஜோடி எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்தது தெரியுமா?"

"அப்ப அந்த ஒரு சென்டிமீட்டர்?"

"ஒரு சென்டிமீட்டரையெல்லாம் யாரு அக்கா பார்ப்பாங்க?"

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது, என் மேல் அதைவிட. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. "மன்னிச்சிருடி" என்றேன்.

"என்கிட்ட வேணாம். எனக்குத்தான் தெரியுமே." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் திரும்பினாள். "அம்மாகிட்ட சொல்லு."

கூடத்திலிருந்து சமையலறைக்குப் பத்து அடிதான். வாசற்படியில் நின்றேன். அம்மா தலையைத் தூக்காமலே, "என்ன, அதுவும் வேணாமா மகராணிக்கு? காலைத் திருப்பத் தெரியாதவளுக்கு" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அவளுக்குத் திருப்பத் தெரியும். நான்தான் பூட்டை இறுக்கி வச்சிருந்தேன். அவ திருப்பினா. அது வரல. ஆஸ்பத்திரியில உன்கிட்ட நான் சொன்னது பொய்."

கத்தி நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். வெங்காயத்தால் ஏற்கெனவே சிவந்திருந்த கண்கள்.

"எட்டு மாசமா நான் அவளை என்னல்லாம் பேசினேன்" என்றாள் மெதுவாக. "பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தானேடி இருந்த?"

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள்.

தங்கை வலது பெடலை மாட்டி முடித்து, இடது பெடலில் இருந்தாள். இடது பெடலுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அதை அவள் சரியாகவே சுற்றினாள். ஸ்பேனர் நின்றதும் என் கை துறுதுறுத்தது. இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தால் என்ன என்று இருந்தது. "போதும்" என்றாள் என்னைப் பார்க்காமலே. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தூக்கிப் பெடலில் வைத்தாள். சைக்கிள் லேசாக ஆடியது. அம்மா ஓடிப் போய் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா" என்றாள் தங்கை. "எனக்கு இறங்கத் தெரியும்."

அம்மா கையை எடுத்தாள். தங்கை இடது காலைத் தூக்கித் தரையில் வைத்தாள்.