பிரகாசமான விளக்கு

இருளை வென்றவனே மனிதன் என்று, தலைவிளக்கு வாங்கி வந்த அன்று ரஃபேல் தன் மனைவி லிண்டாவிடம் அறிவித்தார். அவர் வென்றாக வேண்டியது தொப்பையை. மலேசியாவின் குருண் ஊரில், செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லருக்குள் தவழ்ந்து கரி சுரண்டுவது அவர் வேலை. போன முறை வாசல் துளையில் இடுப்பு சிக்கிக்கொண்டது. இன்னொரு முறை சிக்கினால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் பாய்லரில் தவழவும், இளைப்பதற்காக விடியுமுன் ஓடவும் ஒரே விளக்கு. கனமில்லாதது, நெற்றியில் நழுவாதது என்று கடைக்காரர் காட்டியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே பிரகாசமானதை எடுத்தார்.

அதுவே வினையாகிவிட்டது. தோட்டச் சாலையில் அவர் திரும்பும்போதே லோகேஸ்வரியின் காலைப் பசியாறும் கடைக்கு வெளிச்சம் தெரிந்துவிடும்.

“ரயிலு வருதுன்னு நெனச்சேன், அண்ணே. ரொட்டி போட்டுட்டேன்லா, பசியாறிட்டுப் போங்க.”

போட்ட ரொட்டியை மறுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தினமும் போட்டாள்.

“ஓட்டம் எப்படிங்க போவுது?” என்பாள் லிண்டா.

“லைட்டு நல்லா அடிக்குது,” என்பார்.

பாய்லரைத் திறந்த நாளில் விளக்கு உள்ளே மூலைமுடுக்கெல்லாம் காட்டியது. இனி தனக்கில்லாத அந்த இடத்தை, இடுப்பு சிக்கிய நிலையில் ரஃபேல் பார்த்துக்கொண்டே கிடந்தார். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் ஒல்லியான ஆள் யாரென்று விசாரித்தார்.

காலைப் பிடித்து இழுத்தபோது கால்சட்டைதான் முதலில் வெளியே வந்தது.