பதினோரு வீட்டு முகம்

சுவரில் அந்த முகம் முழுசாகி நாற்பத்தாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பதினோரு வீட்டார் அதற்குச் சொந்தம் கொண்டாடிவிட்டார்கள்.

ஷாலினி எதிர்ப் பிளாட்பாரத்தில் ட்ரைபாடை விரித்தாள். மூன்று கால்களுக்கும் தரையில் சாக்பீஸ் வட்டம் இருந்தது. ஏழு மாதமாகத் தினமும் இதே இடம், இதே உயரம், ஒரு படம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த பழைய பேக்கரிக் கட்டடத்தை ஜேசிபி ஒரே மத்தியானத்தில் தின்று தீர்த்தது, குழியில் தண்ணீர் நின்று தவளை கத்தியது, கம்பி முளைத்தது, மூன்று மாடி எழுந்து முன்பக்கம் முழுக்க நீல அலுமினியத் தகடு ஏறியது எல்லாம் அவள் கேமராவில் வரிசையாக இருந்தன. தவளைச் சத்தம் மட்டும்தான் இல்லை. கட்டட முதலாளி உதய் கொடுத்த வேலை இது. திறப்பு விழாவில் அத்தனை படத்தையும் வேகமாக ஓட்டிக் காட்டவேண்டுமாம். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு லேப் வேலைக்குக் காத்திருந்த ஷாலினிக்கு வேலை பிடித்திருந்தது. கட்டடம் அவளைத் திரும்பிப் பார்க்காது.

யாராவது பார்த்தால் அவளுக்கு ஆகாது. வைவா தேர்வில் எல்லாக் கேள்விக்கும் வாய்திறந்து சரியாகப் பதில் சொன்னாள், மேஜைமேல் இருந்த பியூரெட் குழாயைப் பார்த்து. சொந்தக்காரர்களின் கல்யாணப் படம் ஒன்றில்கூட அவள் இல்லை. அத்தனையும் எடுத்தது அவள்தான்.

கேமராவுக்குத் தெரியும் பக்கச் சுவருக்கு மட்டும் தகடு ஒட்டவில்லை. அதில் படம் வரைய எலைன் வந்தாள். மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீஃப்ஸில் வளர்ந்தவள். இத்தனை நாள் பெங்களூர் ஹோட்டல் சுவர்களில் வாழையிலை வரைந்துகொண்டிருந்தாள். சொந்த ஊரில் இதுதான் முதல் சுவர். மூன்று வாரம் சாரத்தில் நின்று சுரங்க ஷாஃப்டின் சக்கரம், வெள்ளை வெளேரென்ற சயனைடுக் கழிவு மண் மேடு, அதைச் சுற்றி ஓடும் ரயில் எல்லாம் போட்டாள். நடுவில், இரண்டு மாடி உயரத்துக்கு, ஹெல்மெட்டில் விளக்கு எரியும் சுரங்கத் தொழிலாளி ஒருவர்.

அந்த முகத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. சுவரில் வெளிச்சம் சரியாக விழும் நேரம் காலை பத்து மணி. இந்த ஊரில் வேலைக்குப் போகும் வயதுள்ள ஆம்பளைகள் எல்லாம் விடிவதற்குள் பெங்களூர் ரயிலில் ஏறிவிடுவார்கள். பத்து மணிக்கு மார்க்கெட்டில் நின்றால் கண்ணில் படுவது பென்ஷன்காரர்களும் காலேஜை ஏமாற்றிவிட்டுத் திரிகிறவர்களும்தான்.

"இன்னா மேன் இது, ஊர்ல உருப்படியா ஒரு மூஞ்சி இல்ல!" என்று அலுத்துக்கொண்ட எலைன், மெதுவாக ஷாலினி பக்கம் திரும்பினாள்.

ஷாலினி கேமராவுக்குப் பின்னால் நகர்ந்தாள். "அக்கா, நான் பொண்ணு."

"மூக்குல ஆம்பளை மூக்கு பொம்பளை மூக்குன்னு எதனா கீதா? மீசைய நான் போட்டுக்கறேன்."

எலைனின் அப்பா சுரங்கத்தில் போட்டிருந்த ஹெல்மெட் ஷாலினியின் தலையில் ஏறியது. கேமராவில் பத்து வினாடி டைமர் வைத்து, ஓடிப்போய் நின்று, எலைன் பார்த்து வரையத் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். ஷாலினியின் ஒரே நிபந்தனை, யாருக்கும் சொல்லக் கூடாது. எலைன் கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை முகம் முடிந்தது. சனிக்கிழமை காய் வாங்க வந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "எங்கயோ பாத்த மூஞ்சியா கீதே" என்றார்கள். பார்க்காமல் என்ன? ஏழு மாதமாக அவர்கள் தக்காளி பொறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்த மூஞ்சி தினமும் நின்றது. யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். முகம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது, ஆள் ஒட்டவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு அப்பாவையோ மாமனாரையோ கொண்டுவந்து அதில் பொருத்தினார்கள்.

அதோடு போயிருக்கும். உதய்தான், "கீழ பேரு எழுதிட்டா கெத்தா இருக்கும்" என்று வாயை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கத்திக் கத்தி ஒன்பது வீட்டார் ஓய்ந்துபோனார்கள். மிச்சம் இரண்டு.

ஒன்று, வாழைப்பழம் விற்கும் வெங்கடம்மா. தன் வீட்டுக்காரர் முனிரத்தினத்தை நேராகக் கூட்டிக்கொண்டுவந்து சுவருக்குக் கீழே நிறுத்தியிருந்தாள். எழுபத்தைந்து வயது முனிரத்தினம், தடுப்பூசிக்கு நிற்கும் பிள்ளை மாதிரி நின்றார்.

"நல்லா பாருங்க. இவருதான்."

"பல்லு இல்லியே வெங்கடம்மா," என்றது கூட்டம்.

"இருந்தப்போ இப்டித்தான் இருந்தாரு. யோவ், தலைய தூக்குய்யா."

இன்னொன்று, ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் இருக்கும் தம்மபாலன். பெங்களூரில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஷாலினியின் அப்பா. சுவரைப் பார்த்த கணத்திலேயே அவர் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க நைனா" என்று சொல்லிவிட்டார்.

"உங்க நைனான்னு எழுதியா வச்சிருக்கு?" என்றாள் வெங்கடம்மா.

"மைசூர் மைன்ஸ்ல முப்பது வருஷம் கேஜ்ல குழிக்குள்ள எறங்கினவரு. உங்க வூட்டுக்காரரு நந்திதுர்க் மைன்ஸ் கேன்டீன்ல டீ ஆத்தினாரு. டீ ஆத்த எதுக்கும்மா ஹெல்மெட்டு?"

"கூரை ஒழுகும்!"

கூட்டம் சிரித்தது. முனிரத்தினமும் சிரித்துவிட்டு, மனைவி பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மூக்கப் பாருங்க," என்றார் தம்மபாலன் விடாமல். "எடது பக்கம் லேசா சாஞ்சிருக்கு. அது நைனா மூக்கு. எனக்கு வரல. எங்க போச்சுன்னே தெரியல."

ஷாலினி அந்த மூக்கைக் கேமராவின் முதுகில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"ஷாலு! தாத்தாவ நல்லா ஒரு படம் புடிம்மா."

"சரிப்பா."

உதய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நடுவில் வந்தார். "ஜகளா பேடா, சண்ட வேணாம்! சண்டைக்கா நான் கட்டடம் கட்டினேன்? ரெண்டு வீடும் சேர்ந்து ஒரு பேரு சொல்லுங்க. இல்லாட்டி பட்டுப்புடவை விளம்பர ஃபிளெக்ஸ் வந்தாச்சு, இந்தப் படத்து மேல மாட்டிடறேன். அந்த ஃபிளெக்ஸ் பொண்ணு யாருக்கும் சொந்தமில்ல, யாரும் கேக்க வர மாட்டாங்க."

பேரே வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து சண்டைக்கு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

உதய் மேலே பார்த்துக் கையைக் காட்டினார். மொட்டை மாடியில் நின்ற இருவர் ஃபிளெக்ஸ் சுருளைக் கைப்பிடிச்சுவருக்கு மேல் எடுத்துவைத்தார்கள். சர்ரென்று அரை ஆள் உயரம் பிரிந்தது. புடவைக்காரியின் கால் விரல்களும் சிவப்பு ஜரிகையும் தொழிலாளியின் ஹெல்மெட் விளக்கை மூடின.

எலைன் சுவரின் மூலையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தன் பேரைப் பொடி எழுத்தில் எழுத வந்தவள். முதல் இரண்டு எழுத்து ஆகியிருந்தது. பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் செருப்பில் சொட்டியது. ஷாலினியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிலுவையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சத்தியம் சத்தியம்தான்.

அக்கா கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஷாலினிக்குத் தோன்றியது. கெஞ்சினால் முடியாது என்று சொல்லலாம். சும்மா இருக்கிறவளிடம் என்ன சொல்வது?

சுருள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு புருவம் போயிற்று.

இன்றைய படத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை. டைமரை இந்தத் தடவை முப்பது வினாடிக்கு வைத்தாள். பட்டனை அழுத்திவிட்டு, சாக்பீஸ் வட்டங்களைத் தாண்டி, ரோட்டில் இறங்கினாள். ஆட்டோக்காரர் ஒருவர் திட்டினார். ஏழு மாதமாகத் தான் எடுத்துக்கொண்டிருந்த படத்துக்குள் முதல் தடவையாக நடந்துபோனாள்.

மணல் குவியலில் கொத்தனார் கழற்றி வைத்த மஞ்சள் ஹெல்மெட் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டாள். முனிரத்தினத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் சந்தோஷமாக இடம் விட்டு விலகினார்.

"இன்னா ஷாலு, வெயிலா?" என்றார் தம்மபாலன்.

சுவரில் இருந்தவர் பார்த்த பக்கமே தானும் முகத்தைத் திருப்பினாள். சடை நுனியை எடுத்து மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் கேமரா கிளிக்கென்றது. அது காதில் விழும் அளவுக்கு மார்க்கெட் அடங்கிவிட்டிருந்தது. வெங்கடம்மா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். மாடியில் இருந்தவர்கள் சுருளை அப்படியே பிடித்துக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தார்கள். தம்மபாலனின் விரல் தானாக அவர் மூக்குக்குப் போய், அங்கிருந்து மகளை நோக்கி நீண்டது.

இத்தனை கண்களை ஷாலினி ஒரே நேரத்தில் பார்த்ததே இல்லை. பியூரெட்டும் இல்லை. அப்பாவையே பார்த்தாள்.

"அது தாத்தா இல்லப்பா. நான்தான். மீசை மட்டும் அக்கா போட்டது."