மூன்று தட்டு

அவள் கையால் சிரிப்பவள். பிறக்கும்போதே முகத்து நரம்புகள் சரியாக வளரவில்லை. கன்னமும் உதடும் அசையாது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் கண் போகாது, தலைதான் திரும்ப வேண்டும். "லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்" என்று டாக்டர் சொன்னதற்கு, "லாட்டரி மட்டும் விழ மாட்டேங்குதே" என்றவள். சிரிப்பு வந்தால் கைக்கு எட்டியதை விரல்முட்டியால் மூன்று தட்டு தட்டுவாள். மேசை, சுவர், கண்டக்டர் வேலை முடிந்து களைத்து வரும் கணவனின் முதுகு. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சொந்த வயிறு.

மகளுக்கு இரண்டு மாதம். இன்னும் சிரிக்கவில்லை. பார்க்க வந்த நாத்தனார் நல்லவள்தான், வாய்க்குத்தான் தாழ்ப்பாள் கிடையாது.

"எதிர்ல இருக்கற மூஞ்சியப் பாத்துதான் கொழந்தைங்க சிரிக்கக் கத்துக்கும்னு சொல்றாங்க, அண்ணி" என்றவள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றோடு வீட்டில் தட்டும் சத்தம் நின்றது. தினமும் காலையில் குழந்தையைக் கணவனின் முகத்துக்கு நேரே பிடித்து, "ம், சிரிங்க" என்பாள். அவன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவான். டிக்கெட் எடுக்காத ஆளை அவன் பார்ப்பது போலவே மகள் அவனைப் பார்ப்பாள்.

பத்தாம் நாள் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. ரிப்பேர்காரர் வந்து, அடைப்பு எங்கே என்று பார்க்க ஸ்பானரால் குழாயைத் தட்டினார். டொக், டொக், டொக்.

அவள் மடியில் இருந்த குழந்தை பொக்கை வாய் முழுக்கச் சிரித்தது.

"அட, என்னையப் பாத்து சிரிக்குது! பிள்ளைங்களுக்கு நம்மன்னா உசுரு!"

அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தூக்கம் கெட்டுப் பால் கொடுத்தவளுக்குக் கிடைக்காதது குழாய்காரருக்கா? அவர் மீசையை முறுக்கிக் கண்ணைச் சிமிட்டினார். சிரிப்பு அணைந்துபோயிற்று. வெட்கப்பட்டு மறுபடி குழாயைத் தட்டினார். மறுபடி சிரிப்பு.

அவள் தலையைத் திருப்பிக் குழாயைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். நாற்காலிக் கையில் மூன்று முறை தட்டினாள்.

குழந்தை அண்ணாந்து அவள் முகத்தைத் தேடிப் பிடித்தது. கண், கன்னம், கால் என்று எல்லாமே சிரித்தன.

வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்றிருந்த கணவன் சொன்னான்: "பத்து நாளா நீ சிரிக்கல. அதான் அவளும் காத்துக்கிட்டிருந்திருக்கா."

"அப்ப என்னையப் பாத்து இல்லியா?" என்றார் குழாய்காரர், ஸ்பானரும் கையுமாக.

அதற்கு அவள் நாற்காலியைத் தட்டத் தொடங்கினாள். மூன்றோடு நிற்கவில்லை.

அடுத்த வாரம் நாத்தனார் வந்து கதவைத் தட்டினாள். திறந்தபோது குழந்தை ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா அண்ணி, அத்தைன்னதும் எப்படிச் சிரிக்கிறா!"

"ஆமாமா" என்றாள் அவள், கதவை மூன்று தட்டு தட்டியபடி.