அண்ணி, பிடிச்சுக்கோங்க

நாட்டின் பெண்கள் ரக்பி அணி நான்கு ஆட்டங்களாக எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் வைக்கவே இல்லை. தடுப்பதில் குறையில்லை. தாக்கப் போனால்தான் தடுமாற்றம். வேகம் போதவில்லை என்றன பத்திரிகைகள். சாப்பாடு சரியில்லை என்றார் சங்கத் தலைவர். தாக்குதல் பயிற்சி கொடுக்கும் மேடம் இரண்டையும் நம்பவில்லை.

ஆட்டக்காரிகள் குவிந்து கிடக்கும் இடத்திலிருந்து பந்தை உருவி எறிவது குருவியின் வேலை. ஆள் சின்னவள், கை மின்னல். அதை வாங்கி ஆட்டத்தை நடத்துவது அவளுடைய பள்ளித் தோழி. இருவரும் பழைய வேகத்தில்தான் ஓடினார்கள். ஆனாலும் பந்து ஒரு நொடி தாமதமாகவே போனது. அந்த நொடிக்குள் எதிரணி மேலே வந்து விழுந்துவிடும்.

ஒரு நாள் பயிற்சியில் மேடம் ஓரமாக நிற்காமல் குருவிக்குப் பின்னாலேயே ஓடிப் பார்த்தார்.

குருவி பந்தை எடுத்தாள். "அண்ணி, இடது பக்கம் ஆளில்ல, கொஞ்சம் அங்க வாங்க, எறியறேன், பிடிச்சுக்கோங்க."

முடிப்பதற்குள் அவள்மேல் இரண்டு பேர் கிடந்தார்கள்.

மேடம் விசில் ஊதினார். "முன்னெல்லாம் எப்படிக் கூப்பிடுவே?"

"'இடதுடி'ன்னுதான் மேடம். இப்ப எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டாளே... கட்டிக்கிட்டாங்களே. வாடி போடியெல்லாம் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"வீட்டுலதானே?"

"எங்கயும்தான். இப்ப வாயும் பழகிடுச்சு."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நானும் அத்தைகிட்ட சொல்லிப் பாத்தேன் மேடம். மசிய மாட்டேங்கறாங்க."

அன்று மாலையே மேடம் குருவியின் வீட்டுக்குப் போனார். அம்மா தையல் மெஷினில் ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டும் காலை நிறுத்தவில்லை.

"நாலு பேர் முன்னாடி மருமகளை வாடின்னா நல்லாவா இருக்கும்? டிவியில வேற காட்டறாங்க."

"அந்த நாலு பேர் முன்னாடிதாம்மா உங்க மருமகளைப் போட்டுப் புரட்டறாங்க. குருவி சட்டுனு குரல் குடுத்தா அவ தப்பிச்சுடுவா."

மெஷின் நின்றது. அம்மா மருமகளைக் கூப்பிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கையிலிருந்து தோள்வரை நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

"சரி. மைதானத்துல மட்டும் 'டி' போட்டுக்கட்டும். வெளிய வந்தா அண்ணிதான்."

அடுத்த ஆட்டத்துக்கு அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பந்து கைக்கு வந்ததும் குருவி பழக்கதோஷத்தில் "அண்..." என்று இழுத்தாள்.

"வாயைத் திறந்து சொல்லேண்டி முண்டம்" என்று கத்தினாள் அண்ணி.

"இடதுடி."

பந்து பறந்தது. அண்ணி இரண்டு பேருக்குப் போக்குக் காட்டிவிட்டு, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தாள். அன்று இன்னும் இரண்டு முறை கோட்டைத் தாண்டி ஜெயித்தார்கள்.

சேறும் சிரிப்புமாக வந்த இருவரில் மருமகளிடம்தான் அம்மா முதலில் துண்டை நீட்டினார்.

"ஜெயிச்சது சந்தோஷம். 'டி' போடறதுக்குத்தானே சரின்னேன், முண்டம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது நான் சொன்னது அத்தை. நாத்தனாரை எப்படிக் கூப்பிடணும்னு நீங்க ஒண்ணும் சொல்லலையே."

குருவி அந்தத் துண்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.